கடல்வாசி பெல்சியா

“அப்போ ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு போடட்டும்?”

“எப்பவும்னு போடுங்க. மணல் இல்லாத எடம் இங்க எங்க கெடக்கு சாரே?”

“எம்மோ, கொஞ்சம் வாய மூடுதியா?”

“சார் கேக்காரு, நான் சொல்லுதேன். ரெண்டு மாசப் பிள்ளையா இருக்கும்போதே கருவாடு காயப்போடுத எடத்துலதான் இவளயும் கெடத்துவேன். தொட்டில் கெட்ட அங்க மரமா இருக்கு? மணல்ல குழி பறிச்சு, துணிய விரிச்சுக் கெடத்தினா பிள்ள உருளாது. வெதுவெதுன்னும் இருக்கும். என்னமா ஒறங்குவா தெரியுமா!”

எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். திரையில் ஓர் எண் ஏறியது. சற்று நின்றது. குழியை நினைத்துப் பார்த்ததுபோல மீண்டும் ஏறியது.

அவர் பெயர் தில்லைநாயகம். மண்கதிர் மதிப்பீட்டுத் துறையில் கள மதிப்பீட்டாளர். கரூர்ப் பக்கத்துக்காரர். கடலோர ஊரான ஆலஞ்சித்துறைக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. கருமணல் கால்விரல்களுக்கு இடையில் போய்விட்டால் எளிதில் வருவதில்லை என்பதை மட்டும் இதுவரை தனக்காகக் கற்றுக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் துறைக்காக.

குழியைப் பற்றிச் சொன்னவள் பிரிஸ்காள். கருவாடு விற்பவள். வாயை மூடச் சொன்னவள் அவள் மகள் பெல்சியா, இருபத்திரண்டு வயது. அவள் இப்போது இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“போச்சு,” என்றாள். “எல்லாம் போச்சு. எம்மோ, ஒனக்கு வெளங்குதா? நான் மணல்ல கெடந்ததா நீ எவ்வளவு சொல்லுதியோ, அவ்வளவும் எனக்க கணக்குல ஏறும்.”

“கெடந்தேல்லா?”

“கெடந்தேன். அத யாரு கேட்டா?”

“சார்தான் கேட்டாரு.”

தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த விளக்கத்தை அவர் ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தாக வேண்டும். ஒரே சொற்களில் கொடுக்கப் பழகியிருந்தார்.

“அம்மா, இந்த மணல்ல தோரியம் இருக்குதுங்க. நாங்க யாரும் கொண்டுவந்து போட்டது இல்ல. மலையில இருந்து ஆறு கொண்டுவந்தது. அது எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா கதிர் விட்டுட்டே இருக்கும். சட்டப்படி ஒரு மனுசனுக்கு ஆயுசு முழுக்க இவ்வளவு கதிர்தான்னு ஓர் அளவு இருக்கு. மண்ணுல இருந்து வந்தாலும் சரி, ஆஸ்பத்திரி ஸ்கேன்ல இருந்து வந்தாலும் சரி, வேலை பார்க்கிற இடத்துல இருந்து வந்தாலும் சரி, எல்லாம் ஒரே கணக்கு. உங்க பொண்ணுக்குக் கிடைச்சிருக்கிற வேலை வானத்துலங்க. அங்க கதிர் ரொம்ப அதிகம். மூணு வருசத்துல மிச்ச அளவு பூராவும் நிறைஞ்சுடும். அதனால போகும்போது கிட்டத்தட்ட காலியா வரணும்னு கேக்கிறாங்க.”

“வானத்துல என்ன வேலைன்னு கேட்டீளா?”

“தெரியுங்க. வலை வீசறது.”

“வலை!” பிரிஸ்காள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். “வாத்தியார் வேலைக்குப் படிக்கச் சொன்னா கேக்கல்ல. கப்பல்ல ஏறி மேல போய், செத்த ராக்கெட்ட எல்லாம் வலை போட்டுப் பிடிக்கப் போறாளாம். மேல போயும் வலைதானா பிள்ளேன்னு இவளுக்க அப்பன் கேக்காரு.”

பெல்சியா சிரிக்கவில்லை. இந்த வேலைக்குத் தேர்வு எழுதிய ஆயிரக்கணக்கானோரில் அவள் முதல் பத்துக்குள் வந்திருந்தாள். எடையற்ற இடத்தில் வலையை விரிக்கும் சோதனையில் முதலாவது. மற்றவர்கள் வலையை எறிந்தார்கள், அவள் வீசினாள் என்று சோதித்தவர்களே சொன்னார்களாம். அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அவளுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மணல் குழி இருந்தது.

“சார், சொன்னதத் திருப்பி எடுக்கலாமா?”

“எடுக்க முடியாதுங்க. மாத்திச் சொல்லலாம்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“திருப்பி எடுக்கிறதுக்குப் பொத்தான் கிடையாது.”

பெல்சியா யோசித்தாள். எப்போதும் ஏதாவது ஒரு கணக்கை மனத்துக்குள் போட்டுக்கொண்டிருப்பவளின் முகம் அவளுக்கு.

“அம்மா சொல்லாம இருந்திருந்தா என்ன போட்டிருப்பீங்க?”

“பொது வாய்ப்பாடு. நாள்ல அஞ்சுல ஒரு பங்கு வெளியே, மிச்சம் வீட்டுக்குள்ளே. உலகம் பூராவும் எல்லா மனுசனுக்கும் அதேதான்.”

“எங்க அப்பாவுக்கும் அதேதானா? அவரு எப்பவும் கடல்லதான கெடக்காரு.”

“அதேதான்.”

“அது பொய்யில்லியா?”

“சராசரிங்க.”

அந்த நேரத்தில்தான் அப்பா உள்ளே வந்தார். ஸ்தனிஸ்லாஸ். ஊரில் தனிஸ்லாஸ். மூன்று நாள் கடலில் இருந்துவிட்டு வந்ததில் கண்கள் சிவந்திருந்தன. நடந்ததைக் கேட்டார். நின்றபடியே தண்ணீர் குடித்தார்.

“அப்போ உண்மைய எழுதுங்க சாரே,” என்றார். “நான் கடல்ல கெடந்தவன். எனக்க பங்கக் கொறைங்க. வீட்டுக் கணக்கு கொறையும்லா, பிள்ளைக்கும் கொறையும்.”

“குறையாதுங்க. மேல செயற்கைக்கோள்ல ஒரு கண் இருக்கு. முன்னாடி கருமணல் கடத்தறவங்களப் பார்க்க வச்சது. மணல்ல நிக்கிற ஒவ்வொரு உடம்போட சூட்டையும் அது எண்ணியிருக்கு, முப்பது வருசமா. எந்த நேரத்துல எத்தனை பேர் நின்னாங்கன்னு அதுக்குத் தெரியும். யாரு யாருன்னு தெரியாது. அதனால ஊரோட மொத்த மணி நேரம் முடிவான கணக்கு. அதுல ஒரு மணி கூடாது, குறையாது. உங்க பங்கைக் குறைச்சா அது வேற யாராவது தலையில ஏறணும். உங்க வீட்டுல யாரு மணல்ல இருந்தாங்களோ அவங்க தலையில.”

“அப்படின்னா?”

“உங்க மனைவி, உங்க பொண்ணு.”

தனிஸ்லாஸ் செம்பைக் கீழே வைத்தார். “அப்போ நான் இந்த வீட்டுல இருந்ததே இல்லியா?”

“இப்பத்தான் தெரியுதாக்கும்,” என்றாள் பிரிஸ்காள்.

தில்லைநாயகம் பெட்டியை மூடப் போனார். விதிப்படி, மூடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எல்லா வீட்டிலும் கேட்பார். இல்லை என்பார்கள், மூடுவார்.

“உங்கள்ல யாராவது கடல்வாசியா?”

“அதென்ன?”

“நிலத்துல வசிக்காதவங்க. சரக்குக் கப்பல் மாலுமிகளுக்காக வச்ச பிரிவு. தண்ணிக்கு மேல மண்கதிர் வராது, ஆழம் தடுத்திரும். மலைக்குப் போனாலும் பாறையில கொஞ்சம் இருக்கும். செங்கல் வீட்டுல செங்கல்ல இருக்கும். கடல்ல மட்டும்தான் ஒண்ணும் இல்ல. கடல்வாசின்னு பதிஞ்சா மண் கணக்கு பூஜ்யம்.”

பெல்சியா தலையிலிருந்து கைகளை எடுத்தாள்.

“சார்,” என்றாள். “நான் கடல்வாசி.”

தில்லைநாயகம் அவளைப் பார்த்தார். பிறகு அவள் அம்மாவை. பிறகு சுவரில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் புகைப்படத்தை. அதில் பெல்சியா இரண்டாம் வரிசையில் செருப்பில்லாமல் கருமணலில் நின்றுகொண்டிருந்தாள்.

“பள்ளிக்கூடச் சான்றிதழ் இருக்குமே?” என்றார்.

“இருக்கு. உங்க துறை அதப் பாக்குமா?”

“பார்க்காது. அது வேற துறை. அவங்க கணினியும் எங்க கணினியும் பேசிக்கிறது இல்ல.”

“நான் சொல்லுதத எழுதுவீங்களா?”

“சொல்றத எழுதறதுதான் என் வேலை. நம்பறது வேற பிரிவு.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்படி ஒரு பிரிவு தலைமை அலுவலகத்தில் இருந்தது. பல வருடங்களாக அதற்கு ஆள் போடவில்லை.

“ஆனா ரெண்டு விசயம்,” என்றார். “ஒண்ணு, வள்ளத்துக்காரர் யாராவது நீங்க அவர் வள்ளத்துல இருந்ததாச் சொல்லணும். ரெண்டு, நீங்க மணல்ல இருந்த மணி நேரம் பூராவையும் வேற ஆளுங்க எடுத்துக்கணும். பூராவையும். ஒரு மணி நேரம் உங்க பேர்ல நின்னாலும் நீங்க நிலத்துக்காரி. பொது வாய்ப்பாடு திரும்பி வந்துரும், பிறந்த நாள்ல இருந்து.”

வள்ளத்துக்கு ஊர்க் கமிட்டிச் செயலாளர் கிளீட்டஸிடம் போனார்கள். அவரிடம் பெரிய வள்ளம் இருந்தது. அறுபது வயது, தடித்த உடம்பு, தீராத இருமல். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நெடுநேரம் இருமினார்.

“எனக்க வள்ளத்துல பொம்பளப் பிள்ள ஏறினதா நான் சொல்லணுமா?”

“ஆமா மாமா.”

“எங்க அப்பன் காலத்துல இருந்து ஒரு பொம்பள கால் அதுல பட்டது இல்ல. பட்டா மீன் வராது.”

“நான் ஏறப் போறது இல்லியே மாமா. ஏறினதாச் சொல்லத்தான போறீங்க.”

“ஏறினாலாவது கழுவி விடலாம். சொன்னதக் கழுவ முடியுமா?”

கிளீட்டஸின் மனைவி மெட்டில்டா உள்ளே மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கத்தியின் ஓசை நின்றது.

“மூணு சீசனா ஒம்ம வள்ளத்துல மீன் ஏறல்ல,” என்றாள். “பிள்ளையாவது ஏறட்டும்.”

கிளீட்டஸ் மறுபடி இருமினார். இந்த முறை இருமல் சிறியதாக இருந்தது.

“எப்ப இருந்து ஏறினான்னு சொல்லணும்?”

“பிறந்ததுல இருந்துங்க,” என்றார் தில்லைநாயகம்.

“பச்சப் பிள்ளையிலயா?”

“அப்படித்தான் வருது.”

“பால் குடிக்க?”

தில்லைநாயகம் பெட்டியைப் பார்த்தார். “அந்தக் கேள்வி இதுல இல்லைங்க.”

கிளீட்டஸ் சம்மதித்தார். பிரிஸ்காள் முற்றத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. அது அவளுக்கு வழக்கமில்லாதது.

மிச்சம் இருந்தது பங்கு. யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று ஒவ்வொரு வீடாகக் கேட்கலாம் என்றார் தில்லைநாயகம். கிளீட்டஸ் அவரை இரக்கத்தோடு பார்த்தார். பங்கு வைப்பது எப்படி என்று ஆலஞ்சித்துறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலின் முன்னால் மணலில் ஊர் கூடியது. கரைமடி வலையை இழுத்தால் மீனைக் குவித்துப் பிரிப்பார்கள் அல்லவா, அப்படியே பிரித்தார்கள். மீனுக்குப் பதில் பெல்சியாவின் வாழ்க்கை. அவள் ஒரு குச்சியுடன் நடுவில் நின்று, மணலைச் சிறு சிறு குவியல்களாகக் கூட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் இது என்ன என்று உரக்கச் சொன்னாள். இது குழியில் உறங்கியது. இது வெயில் காலத்தில் வெளியே பாய் போட்டுப் படுத்த இரவுகள். இது பள்ளிக்கூட முற்றம். இது சைக்கிள் ஓட்டப் படித்தது. இது திருவிழாக்கள். இது அம்மாவோடு கருவாடு புரட்டியது. இது சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்தது. அந்தக் குவியல் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

பெரிய குவியல்களை உடைத்து உடைத்து ஊரின் தலைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக்கினார்கள். ஆளுக்கு ஓர் அடையாளத்தை ஒரு தொப்பிக்குள் போட்டார்கள். சிப்பி, தீக்குச்சி, சட்டைப் பொத்தான், பீடித்துண்டு, சாவி. தனிஸ்லாஸ் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ள, பின்னாலிருந்து ஒருவர் குவியலைக் காட்டி “இது யாருக்கு?” என்று கேட்க, அவர் பார்க்காமலே தொப்பியிலிருந்து ஓர் அடையாளத்தை எடுத்துக் கொடுத்தார். அது யாருடையதோ அவருடையது அந்தக் குவியல்.

பிரிஸ்காளின் வீட்டுக்குப் பங்கு கிடையாது. அவள் கணக்கு ஏற்கெனவே மஞ்சள் கோட்டை, அதாவது எச்சரிக்கை அளவை, தாண்டியிருந்தது. கோட்டைத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன் எடுக்கக்கூட மேலிடத்து அனுமதி வேண்டும். பங்கு எடுக்கும் சிலரும் இன்று அந்தக் கோட்டைத் தாண்டுவார்கள் என்று தில்லைநாயகம் ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னார். கேட்டுக்கொண்டார்கள். ஆனாலும் வைத்த பங்கை எடுக்காமல் போகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. எடுக்காதவன் அடுத்த பங்குக்கு வர முடியாது.

சிக்கல் வேறு விதமாக வந்தது.

“எனக்கு மட்டும் என்ன இத்துனூண்டு?” என்றாள் ஒருத்தி. “அவளுக்குப் பாரு, எவ்வளவு பெருசு.”

“அம்மா, பெருசா இருந்தா உங்களுக்குத்தான் நஷ்டம்,” என்றார் தில்லைநாயகம்.

“அது தெரியும் சாரே. இருந்தாலும் பங்குன்னா பங்குதான?”

இன்னும் நான்கைந்து பேர் அதே புகாருடன் வந்தார்கள். ஒருவன் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கை மணலை இரகசியமாகத் தன் பக்கம் தள்ளிக்கொண்டான். அது பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு வாரம். தில்லைநாயகம் அதையும் பதிந்தார்.

குவியல்களில் வள்ளத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று வழக்கம்போல ஒதுக்கியிருந்தார்கள். வள்ளத்தின் பங்கு வள்ளத்துக்காரருக்கு. கிளீட்டஸுக்கு வந்தது குழியில் உறங்கியது. அந்தக் காலத்தில் அவருக்கு நாற்பது வயது நெருங்கியிருக்கும். பகல் நேரங்களில் அவர் மணலில் பறித்த குழியில் துணி விரித்துப் படுத்து உறங்கினார் என்று பதிவாயிற்று. மெட்டில்டா அதை மறுக்கவில்லை.

கோயிலின் பங்கை யார் பேரில் போடுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறி நின்றார்கள்.

“அந்தோணியார் பேர்ல போடுங்க,” என்றது ஒரு குரல். “அவரு ராத்திரி பகலா வெளியதான நிக்காரு.”

“சிலைக்கு உடல் சூடு கிடையாதுங்க.”

“மத்தியானம் தொட்டுப் பாத்திருக்கீளா?”

“கல்லறையில கெடக்கவங்க பேர்ல போடலாமே. அவங்க மண்ணுக்குள்ளயேல்லா கெடக்காவ.”

“இறந்தவங்க கணக்கை மூடியாச்சுங்க.”

பங்குச்சாமியார் எட்வின் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். கடைசியில் அது உபதேசியாரின் தலையில் விழுந்தது. கோயில் மணி அடிப்பவர், திருவிழாவுக்குப் பந்தல் போடுபவர், இப்போது பெல்சியாவின் எல்லாத் திருவிழாக்களுக்கும் அவள் இடத்தில் நின்றவர். “ராட்டினத்துல ஏறினதும் இதுல வருமா?” என்று கேட்டார். வரும் என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்தது. மக்கள் தங்கள் பங்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். “எனக்கு அவ சைக்கிள் படிச்ச சாயங்காலம் கெடச்சிருக்கு. ஒனக்கு?” “எனக்குச் சும்மா இருந்தது.” “கூறு கெட்டவனே, ஒனக்கு ஏத்ததுதான்.” பெல்சியா ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னாள். அழுதாள், சிரித்தாள், அப்பாவின் முதுகில் குத்தினாள்.

பிரிஸ்காள் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. யாரும் மணலை அள்ளிக்கொண்டு போகவில்லை, அது பேச்சுக்கு வைத்த குவியல்தானே. குவியல்கள் அப்படியே கிடந்தன. கருவாடு புரட்டிய குவியலை ஒரு நாய் கலைத்தது. அவள் அதை விரட்டினாள். காற்று வந்ததும் மற்றவையும் கலையத் தொடங்கின. காற்றை அவள் ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் காலையில் பெல்சியா உடற்தகுதிச் சான்றுக்காக நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினாள். தில்லைநாயகம் கோயிலின் பக்கத்து மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆலஞ்சித்துறையை இன்று மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மூடுவதற்குத் தாயின் குரல் வேண்டும். அது கடல்வாசிப் பதிவுக்கான விதி. மகள் தன்னோடு நிலத்தில் வசித்ததில்லை என்று தாய் ஒரு முறை சொன்னால் போதும்.

பிரிஸ்காள் வந்தாள். குளித்து, தலையைப் பின்னி, ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள்.

“இதுல பேசணுமா?”

“ஆமாங்க. ஆனா இப்ப வேண்டாம். மொத்தம் இன்னும் சரியா வரல. ஒண்ணு இடிக்குது.”

“என்ன இடிக்கு?”

“ஊர்ல எல்லாரோட மணி நேரமும் ஏறியாச்சு. வெளியூர்ல இருந்து வந்து போனவங்களையும் கழிச்சாச்சு. ஒரே ஒரு மணி நேரம் மட்டும் ஆள் இல்லாம நிக்குது.” அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “கருவாடு காயப்போடற இடம். ஒரு மத்தியானம். பத்துப் பன்னெண்டு பேர் வேலை பாத்துட்டு இருக்காங்க. திடீர்னு எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்து வட்டமா நிக்கிறாங்க. கொஞ்ச நேரத்துல சூடு ஒண்ணு கூடிருது. சின்னது. ரோட்டுல இருந்தும் யாரும் வரல, கடல்ல இருந்தும் வரல. எங்கிருந்து வந்ததுன்னு பெட்டிக்குத் தெரியல. அப்புறம் எல்லாம் ரோட்டுப் பக்கம் போகுது, ரெண்டு சூடு மட்டும் வண்டி ஏறின மாதிரி மறைஞ்சிருது.”

பிரிஸ்காள் திரையைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளிகள் வட்டமாக நின்றன. நடுவில் ஒரு பெரிய புள்ளி. அதை ஒட்டி, இல்லாததுபோல ஒரு சிறிய புள்ளி.

“ஆட்டோ,” என்றாள்.

“என்னங்க?”

“ஆட்டோவுல போனோம். மெட்டில்டாக்க தம்பிக்க ஆட்டோ.” அவள் விரலால் பெரிய புள்ளியைத் தொட்டாள். திரை சற்றுப் பெரிதாயிற்று. அவள் பயந்து விரலை எடுத்தாள். “இது நான். நெத்திலி காயப்போட்டிருந்தோம். குனிஞ்சு புரட்டும்போது வலி வந்துச்சு. ரோடு வரைக்கும் நடக்க விடல்ல. சுத்தி நின்னு சேலையப் பிடிச்சாளுவ. பெறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாவ. அங்க போன நேரத்தத்தான் பொறந்த நேரம்னு எழுதினாவ.”

தில்லைநாயகம் பெட்டியில் பெல்சியாவின் பிறந்த நேரத்தைப் பார்த்தார். மருத்துவமனை, மாலை. கணக்கு அங்கேதான் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் அவள் இன்னும் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் மணலில் இருந்தாள்.

“சரிங்க,” என்றார். “இப்பப் புரியுது. இதையும் யாராவது ஒருத்தர் எடுத்துக்கணும். ஒரு மணி நேரம்தான். நீங்களே எடுத்துக்கங்க. நீங்க அங்க இருந்தவங்கதானே?”

“எனக்க நேரம் ஏற்கெனவே ஏறியாச்சுல்லா? ஒரே நேரத்துல நான் ரெண்டு பேரா?”

அது சரிதான். பெட்டி ஏற்காது. அவர் யோசித்தார். “கிளீட்டஸ் ஐயாகிட்ட கேக்கலாம்.”

“கேட்டு?”

“அவர் பேர்ல ஏத்திக்கலாம்.”

“கிளீட்டஸ் எனக்குப் பொறந்தான்னா?”

வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து குடத்தை வைத்தார்கள். குடம் நிறைகிற ஓசை கேட்டது.

“சாரே, ஒண்ணு கேக்கட்டா? மூணு வருசம் கழிச்சு வருவாள்லா? வந்தா?”

“வருவாங்க. ஆனா அப்ப அவங்க அளவு நிறைஞ்சிருக்கும். இந்த மாதிரி மண்ணுல கால் வைக்க அனுமதி இருக்காது. வேற ஊர்ல, தோரியம் இல்லாத இடமாப் பாத்து, துறையே வீடு கொடுக்கும். நல்ல வீடுதாங்க.”

“அவளுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே தனியாக் கேட்டாங்க. சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க.”

பிரிஸ்காள் தலையசைத்தாள். நிதானமாக, கணக்குச் சரியாக வந்தவளைப்போல. “அப்போ முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல.”

“பதிவுலதாங்க.”

“பதிவுலதான்.” அவள் சேலை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வியர்வையைத்தான் துடைத்தாள். “சைக்கிள் படிச்சத அந்த மரியடெல்லா எடுத்துட்டா. கருவாடு புரட்டினது எனக்குத் தெரியாத ஒரு பையனுக்குப் போச்சு. போகட்டும். எல்லாரும் அவளுக்காக எடுத்தவங்கதான, நான் ஒருத்தரையும் கொற சொல்லல்ல. எனக்க பிள்ள போவணும். அவ போறதுக்கு நான் குறுக்க நிக்கப் போறது இல்ல. நீங்க சொல்லுதத இந்தப் பெட்டியில சொல்லுதேன். எனக்க கூட அவ இருந்ததே இல்லன்னு சொல்லுதேன். பிறந்ததுல இருந்து வள்ளத்துலயே கெடந்தான்னு சொல்லுதேன். அந்தோணியார் மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுதேன்.”

“சத்தியம் எல்லாம் வேண்டாங்க. ஒரு தடவ சொன்னாப் போதும்.”

“சொல்லுதேன்.” அவள் திரையின் பக்கம் குனிந்தாள். இந்த முறை விரலை வைக்கவில்லை. “இந்தச் சின்னதுதான அது?”

“ஆமாங்க. ஆனா அதை உங்க பொண்ணு பேர்ல விட முடியாதுங்க. விட்டா நிலத்துக்காரி ஆயிடுவாங்க. நேத்து ஊர் கூடி எடுத்தது பூராவும் திரும்பி அவங்க தலைக்கே வந்துரும். நான் அன்னைக்கே சொன்னேன்.”

“சொன்னீங்க. எனக்கு வெளங்கிச்சு.”

“அப்புறம்?”

“அவளும் போவணும் சாரே. இந்த ஒண்ணு மட்டும் அவளுக்க பேர்லயே இருக்கணும். எப்படியாவது பாத்து விட்டுருங்க.”